காரா, சைக்கிளா? முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு பதில்

தம்பி,

லீவில் ஊருக்கு, புதுச்சேரிக்கு வந்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போனபோது, பக்கத்து வீட்டிலிருந்து உங்கள் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பையன் பாரீசுக்குப் போய் மூணு மாசம் ஆகுது. கார் வாங்கட்டுமா, சைக்கிளே போதுமான்னு கேக்கிறான். வெளிநாட்டுல போயும் சைக்கிளான்னு அவங்க மாமா சத்தம் போடறாரு. நீ இருபது வருஷமா அங்க இருக்கறவ, நீயே அவனுக்கு எழுது" என்றார்கள். அன்று ராத்திரியே நீங்களும் கேட்டு அனுப்பியிருந்தீர்கள்: நுவாசி-லெ-செக்கில் வீடு, பாந்தனில் வேலை, நடுவில் 5 கிலோமீட்டர், ஆறாயிரம் யூரோவுக்கு ஒரு பழைய கார் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா அக்கா என்று.

வாங்காதீர்கள். முதல் இரண்டு வருஷத்துக்காவது வேண்டாம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து திரும்பும் வழியில் முள்ளோடையில் என் தம்பி வண்டியை நிறுத்தினான். கடலூர் வண்டிகளெல்லாம் எல்லையைத் தாண்டி வந்து அங்கே பெட்ரோல் போட வரிசையில் நிற்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். புதுச்சேரியில் வரி குறைவு, லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். அந்த வரிசையில் நிற்கும்போது உங்கள் கேள்விதான் மனதில் ஓடியது. கார் என்றதும் நாம் எல்லோரும் பெட்ரோலைத்தான் கணக்குப் பண்ணுகிறோம். "ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர்தானே, அரை லிட்டர், முக்கால் லிட்டர், அவ்வளவுதான்" என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். நானும் 2013-ல் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருஷம் 5,500 யூரோ கொடுத்து ஒரு சின்னப் பழைய கார் வாங்கினேன். எனக்கு உங்கள் பக்கத்து ஊரான பொந்தியில் வீடு, மருத்துவமனைச் சமையலறையில் வேலை, ஒரு வழி 6 கிலோமீட்டர். ஆறு வருஷம் ஓட்டினேன். 2019-ல் கிளட்ச் போனது. மெக்கானிக் 900 யூரோ ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்து, பழைய பில்லையெல்லாம் எடுத்துப் போட்டுக் கூட்டினேன். அந்த நோட்டுப் படத்தை இன்னும் போனில் வைத்திருக்கிறேன், அதைப் பார்த்தே எழுதுகிறேன். காரை அப்படியே 1,300-க்குத் தள்ளிவிட்டதால் விலையில் போனது 4,200, அதாவது வருஷத்துக்கு 700. இன்சூரன்ஸ் மாதம் 62, வருஷத்துக்கு 744. குடியிருப்பின் கீழே நிறுத்த இடத்துக்கு மாதம் 70, வருஷத்துக்கு 840. டயர், ஆயில், பேட்டரி, ரிப்பேர் சராசரி 500. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை, அதில் பாதி 38. பெட்ரோல் 630. எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஏறக்குறைய 3,450 யூரோ.

பெட்ரோல் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, பாருங்கள். மிச்சத்தில் பெரும்பகுதி கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகிற பணம். நான் ஒரு மாதம் ஊருக்கு வந்து இங்கே வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போதும் அங்கே அது நின்ற இடத்தில் 130 யூரோவுக்கு மேல் தின்றுகொண்டிருந்தது.

என் கணக்கை நம்பாவிட்டால் அரசாங்கத்தின் கணக்கைப் பாருங்கள். வருமான வரியில் சொந்தக் காரில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கழிவு கொடுக்க ஒரு கிலோமீட்டர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். வரிக்கணக்கில் 4 குதிரைத்திறன் உள்ள சின்னக் காருக்கு, வருஷம் 5,000 கிலோமீட்டர் வரை, கிலோமீட்டருக்கு 0.606 யூரோ. தேய்மானம், ரிப்பேர், டயர், இன்சூரன்ஸ், பெட்ரோல் எல்லாம் அதில் அடக்கம். நிறுத்தும் வாடகை சேராது. நான் வருஷம் 6,000 கிலோமீட்டர் ஓட்டினேன், எனக்குக் கிலோமீட்டருக்கு 57 சென்ட் விழுந்தது. நீங்கள் தினம் 10 கிலோமீட்டர்தான் ஓட்டப்போகிறீர்கள். குறைவாக ஓட்டினால் கிலோமீட்டருக்கு விழுகிற செலவு இன்னும் ஏறும்.

அப்புறம், உங்களுக்கென்று இரண்டு செலவு கூடுதலாக இருக்கிறது. நம் ஊர் லைசென்சை வைத்துக்கொண்டு, வேலை விசாவில் வந்தவர் அங்கே குடியேறிய முதல் ஒரு வருஷம்தான் ஓட்டலாம். அதற்குப் பிறகு பிரெஞ்சு லைசென்ஸ், அங்கே சொல்கிற பெர்மி, வேண்டும். புதிதாக எடுப்பதென்றால் கியர் வண்டிக்குக் குறைந்தது 20 மணி நேரப் பயிற்சி கட்டாயம். எல்லாம் சேர்ந்து 1,500, 2,000 யூரோ என்று போய்விடும். கையில் பெர்மி வந்த புதிதில் இன்சூரன்ஸ்காரர்கள் முதல் வருஷம் இரட்டிப்பு வரை கேட்கலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. நான் கட்டிய 62 யூரோ பழைய ஓட்டுநருக்கான தொகை. நீங்கள் பார்த்து வைத்த ஆறாயிரத்தோடு இதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். இதிலும் செலவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் சைக்கிளை 150 யூரோவுக்குச் செகண்ட் ஹாண்டாக வாங்கினேன். வாங்கிய ஐந்தாவது வாரம் ஸ்டேஷன் வாசலில் மெல்லிய கேபிள் பூட்டால் முன்சக்கரத்தை மட்டும் கம்பியோடு பூட்டிவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கம்பியில் முன்சக்கரம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் எடுத்துக்கொண்டு வீடு வரை நடந்தேன். அதனால் சொல்கிறேன்: சைக்கிள் வாங்கும்போதே அதன் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பூட்டுக்கென்று ஒதுக்குங்கள். யூ வடிவ இரும்புப் பூட்டு. பின்சக்கரத்தையும் ஃப்ரேமையும் சேர்த்து, தரையில் ஊன்றிய கம்பத்தோடு பூட்ட வேண்டும். 2021 முதல் கடையில் விற்கும் சைக்கிளில் ஒரு அடையாள எண் பொறித்திருக்க வேண்டும் என்பது சட்டம். கடையில் வாங்கினால் அந்த எண்ணுக்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். பழையது வாங்கினால் விற்கிறவர் பெயரில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் திருட்டுச் சைக்கிளாக இருக்கலாம்.

இரண்டாவது சைக்கிள்தான் இப்போதும் ஓட்டுகிறேன். சைக்கிள் 480, பூட்டு 55, விளக்கு 35, மழைக்கோட்டும் கால்சட்டையும் கையுறையும் 110, பின்னால் கூடை 40. மொத்தம் 720. ஆறு வருஷம் ஓடியதென்று வைத்தால் வருஷத்துக்கு 120. செயின், டயர், பிரேக் கட்டை என்று இன்னொரு 90. நாம் யார்மீதாவது இடித்துவிட்டால் அந்த நஷ்டத்தைப் பெரும்பாலும் வீட்டு இன்சூரன்சே பார்த்துக்கொள்ளும், உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். கொட்டும் மழையிலும் சாலை உறைந்த நாளிலும் டிக்கெட் எடுத்துப் போக வருஷத்துக்கு 120. வருஷத்தில் நாலு தடவை வாடகைக் கார் எடுக்கிறேன், ஊரிலிருந்து அம்மா வரும்போது, பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போகும்போது, அதற்கு 400. ஆக 730. காருக்கும் இதற்கும் வித்தியாசம் வருஷத்துக்கு 2,720 யூரோ. இன்றைய மதிப்பில் இரண்டரை லட்ச ரூபாய்க்கு மேல். நான் உட்கார்ந்து இதை எழுதுகிற இந்த மாடி அறை அந்தப் பணத்தில் கட்டியதுதான், தம்பி.

இதற்கு மேலே கையில் வருவதும் உண்டு. அரசு மருத்துவமனை என்பதால், வருஷத்தில் குறைந்தது 100 நாள் சைக்கிளில் வந்தேன் என்று எழுதிக் கொடுத்தால் எனக்கு 300 யூரோ தருகிறார்கள். உங்களுடையது தனியார் கம்பெனி, அங்கே இது கட்டாயமில்லை, ஆனால் கொடுக்கிற கம்பெனிகள் நிறைய. எச்.ஆரிடம் "ஃபோர்ஃபே மொபிலிதே துராப்ல்" என்று அதே பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நவிகோ என்ற மாத அட்டை எடுத்தால் பாதியை முதலாளி கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டம். 2025-ல் அது மாதம் 88.80 யூரோவாக இருந்தது, அதில் நம் கையிலிருந்து போனது 44.40. உங்கள் இரண்டு ஊரும் ஆர்.இ.ஆர். 'இ' ரயில் தடத்தில்தான் இருக்கின்றன, ஆகவே முதல் குளிர்காலம் மட்டும் அட்டை எடுத்து ரயிலில் போய், மார்ச்சில் சைக்கிளுக்கு மாறினாலும் தவறில்லை. எலக்ட்ரிக் சைக்கிளுக்கு அரசு பணம் தருகிறது என்று யாராவது சொன்னால், அந்த உதவி 2025 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. சில ஊர்களில் மேரி, அதாவது நகராட்சி, தனியாகக் கொடுக்கிறது, உங்கள் மேரியில் விசாரியுங்கள். உங்கள் தூரத்துக்கு எலக்ட்ரிக் தேவையே இல்லை. வழி முழுக்கச் சமதரை.

வழி என்றதும் கால்வாய்தான் நினைவுக்கு வருகிறது. அதன் பெயர் ஊர்க் கால்வாய். உச்சரிப்பே அப்படித்தான், முதல் தடவை கேட்டபோது எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. பாரீசுக்குக் குடிதண்ணீர் கொண்டுவர நெப்போலியன் காலத்தில் வெட்டத் தொடங்கியது. கரையோடு சைக்கிள் பாதை பொபிஞி, பாந்தன் தாண்டி லா வில்லெத் வரை போகிறது. காலை ஆறேகாலுக்குத் தண்ணீர்மேல் ஆவி எழுந்துகொண்டிருக்கும், பெர்ஜேர் பூங்கா ஓரத்தில் வாத்துகள் பாதையிலேயே உட்கார்ந்திருக்கும், மணி அடித்தால்தான் நகரும். ஆனால் குளிர்காலத்தில் இருட்டியபின் சில இடங்களில் ஆளே இருக்காது. அப்போது நான் தெருவழியாகத்தான் வருவேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதல் வாரம் விடிகாலையில் தெருவில் வண்டியில்லாத நேரத்தில் ஓட்டிப் பழகுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டி வளர்ந்தவர்கள், வளைவில் திரும்பும்போது உடம்பு தானாக இடப்பக்கம் போகும். எனக்கு ஒரு மாதம் பிடித்தது. லாரியின் வலப்பக்கம் ஒட்டி நிற்காதீர்கள், ஓட்டுகிறவர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். போனைக் கையில் பிடித்து ஓட்டினால் 135 யூரோ அபராதம், காதில் இயர்போன் இருந்தாலும் அதே 135. இந்தப் பணத்தைக் கட்டினால் நான் மேலே போட்ட மிச்சக் கணக்கெல்லாம் வீண்.

ரிப்பேரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே கூலிதான் அதிகம். ஒரு பஞ்சருக்கு என்னிடம் 18 யூரோ வாங்கினார்கள், ஒட்டவில்லை, டியூபையே மாற்றிவிட்டார்கள். அடுத்த லீவில் வந்தபோது எங்கள் தெருமுனை சைக்கிள் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கடைக்கார அண்ணன் இரண்டு லீவரால் டயரைப் பெயர்த்து, டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கினார். ஓரிடத்தில் முத்து முத்தாகக் குமிழி கிளம்பியது. அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஈரம் போகும் வரை காத்திருந்து ஒட்டுப் போட்டார். மாட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்த்து ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்துக் காட்டினார். "இத எடுக்காம மாட்டினா நாளைக்கே மறுபடியும் வருவீங்கம்மா" என்றார். அதன்பிறகு பஞ்சருக்கென்று நான் கடைக்குப் போனதில்லை.

கார் தேவையே வராது என்று நான் சொல்லமாட்டேன். வேலை தொழிற்பேட்டைக்கு மாறி, ராத்திரி ஷிப்ட், ரயில் இல்லாத ஊர் என்றால் கார்தான். பிள்ளை பிறந்தால் மறுபடி யோசிக்கலாம். என் இரண்டு பிள்ளைகளையும் நான் பின் சீட்டில் வைத்துத்தான் பள்ளிக்குக் கொண்டுபோனேன். பன்னிரண்டு வயது ஆகாத பிள்ளைக்கு ஹெல்மெட் கட்டாயம், அது மட்டும் மறக்காதீர்கள். உங்கள் மனைவிக்கு ஓட்டத் தெரியாது என்று அம்மா சொன்னார்கள். அங்கே பெரியவர்களுக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன, ஐம்பது வயதுப் பெண்மணிகள் வந்து கற்கிறார்கள். பாரீஸ் லா ஷப்பெல்லில் வாங்கிய பத்துக் கிலோ அரிசி மூட்டையை கேரியரில் வைத்துக் கால்வாயோடு பொந்தி வரை நான் கொண்டுவந்திருக்கிறேன், அதை அவரிடம் சொல்லுங்கள்.

மாமாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளை மிதித்துக் கெடிலம் பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்குப் போய்த்தான் நீங்கள் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று உங்கள் அம்மாவே அன்று அவரிடம் சொன்னார்கள். அவரும் பேசாமல் காபியைக் குடித்தார்.

நான் இருபத்து மூன்றாம் தேதி திரும்புகிறேன். அதற்கடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு பொபிஞியில் கால்வாய்ப் பாலத்தருகே வாருங்கள், உங்கள் ஆபீஸ் வாசல் வரை வழி காட்டுகிறேன். அதற்குள் காருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். பஞ்சர் ஒட்டும் சாமான் உங்களுக்கும் ஒரு டப்பா வாங்கிவிட்டேன்; சொல்யூஷனை மட்டும் விமானத்தில் விடமாட்டார்கள், அதை அங்கே வாங்கிக்கொள்ளலாம். அம்மா அதிரசம் கொடுத்திருக்கிறார்கள், அதையும் எடுத்துவருகிறேன்.

அக்கா