வேர்ட்பிரஸ் தளத்தின் டெம்ப்ளேட்டை (பக்க வடிவமைப்பு ஃபைல்) துண்டு துண்டாகப் பிரித்ததால் பக்கம் மெதுவாகிவிட்டதா?

திரும்ப ஒரே ஃபைலாக ஒட்ட வேண்டாம். உங்கள் கும்பகோணம் குத்துவிளக்குக் கடைத் தளத்தில், ஒரே பக்கத்தில் 40 கார்டு (ஒவ்வொரு விளக்கின் விவரத்தையும் காட்டும் பெட்டி) என்கிறீர்கள். வேர்ட்பிரஸில் ஒரு சின்ன டெம்ப்ளேட்டை 40 முறை அழைக்க ஆகும் நேரம் சொற்பம்.

அநேகமாக விலை, எடையை டேட்டாபேஸிலிருந்து கேட்டு எடுக்கும் குவெரி கார்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கார்டுக்கு 2 என்றால் பக்கத்துக்கு 80!

குவெரி மானிட்டர் பிளகினைப் போட்டு, எந்த ஃபங்ஷன் எத்தனை குவெரி அனுப்புகிறது என்று பாருங்கள். கார்டு ஃபங்ஷன் முதலிடத்தில் நின்றால், கார்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டும் லூப்புக்கு முன்பே எல்லா விவரத்தையும் மொத்தமாக எடுத்துவிட்டு, டெம்ப்ளேட் துண்டை அழைக்கும் கெட்_டெம்ப்ளேட்_பார்ட் (get_template_part) ஃபங்ஷனின் மூன்றாவது ஆர்க்யுமென்டாக உள்ளே அனுப்புங்கள். வேர்ட்பிரஸ் 5.5 முதல்தான் இந்த வசதி; அதற்கு முந்தையது என்றால் முதலில் அப்டேட்.

குவெரி குறைந்தும் இழுத்தால் டெம்ப்ளேட்டை விடுங்கள். மொபைலில் எடுத்த விளக்குப் படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருப்பீர்கள்.