மகள் அமெரிக்கப் பெண்களின் வரலாறு படிக்க விரும்பினால்

ஐயா, உங்கள் கடிதத்தில் கோபத்தைவிடப் பயமே அதிகம் தெரிகிறது. பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டில் இருக்கும் மகள், எம்.ஏ.வில் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் விரிவாக்கத்தையும் பெண்களையும் பற்றி ஆய்வேடு எழுதப்போவதாகச் சொல்கிறாள். ‘இதற்கு யார் சம்பளம் தருவார்கள்?’ என்று கேட்கிறீர்கள். சம்பளத்துக்கு வருகிறேன். அதற்கு முன், அவள் எதைப் படிக்க ஆசைப்படுகிறாள் என்று கொஞ்சம் பாருங்கள்.

1848ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் அமெரிக்கா மெக்சிகோவோடு நடத்திய போரை முடிக்கும் உடன்படிக்கை கையெழுத்தாகி, கலிஃபோர்னியா உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பு அமெரிக்கா வசமானது. ஏப்ரலில், மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ள நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றியது. ஜூலையில் அதே மாநிலத்தின் செனெகா ஃபால்ஸ் என்ற ஊரில், பெண்ணுரிமைப் பிரகடனத்தில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையொப்பமிட்டார்கள். ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றிய மாநிலங்களில் திருமணத்தோடு பெண்ணின் உடைமையெல்லாம் கணவன் கைக்குப் போய்விடும். மெக்சிகோ சட்டத்திலோ மனைவிக்குத் தனிச் சொத்து உண்டு. 1849இல் கலிஃபோர்னியா தன் அரசியலமைப்பை எழுதியபோது, போரில் தோற்ற மெக்சிகோவின் அந்த வழக்கத்தையே ஏற்றுக்கொண்டது!

எல்லாப் பெண்களுக்கும் இப்படி வாய்க்கவில்லை. 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, மேற்கே போன மணமாகாத பெண்ணும் விதவையும் 160 ஏக்கர் அரசு நிலம் கேட்கலாம். கணவனோடு வாழும் மனைவி பொதுவாகக் கேட்க முடியாது. அமெரிக்கப் பூர்வகுடிகளில் தாய்வழிச் சமூகமான செரோக்கி மக்களிடம் வீடும் வயலும் பெண்கள் பொறுப்பில் இருந்தன. 1838இல் அமெரிக்க அரசு ராணுவத்தைக் கொண்டு அவர்களை அவர்கள் மண்ணிலிருந்து துரத்தியபோது அந்தப் பெண்கள் இழந்த உரிமை, கிழக்கு மாநிலங்களின் மணமான வெள்ளைப் பெண்கள் பலர் அதுவரை பெற்றேயிராத ஒன்று.

ஆனால் உங்கள் மகளிடம் ஒரு குறை சொல்வேன்: அவள் எடுத்திருக்கும் தலைப்பு ஒரு நூற்றாண்டையும் ஒரு கண்டத்தையும் விழுங்கப் பார்க்கிறது. லோவெல் நகரத் துணி ஆலைப் பெண்களின் 1834, 1836 வேலைநிறுத்தங்களை எடுக்கலாம். ஆனால் அமெரிக்க ஆய்வாளர்கள் நன்றாக உழுத நிலம் அது. அவர்களில் பலரிடம் இல்லாத ஒன்று உங்கள் மகளிடம் இருக்கிறது: தமிழ். அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குப் பள்ளி ஆசிரியைகளை அனுப்பிய அதே காலத்தில், அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷன் பெண்கள் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார்கள். ஹாரியட் வின்ஸ்லோ 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். 1840இல் வந்த எலைசா ஆக்னியூ சுமார் 40 ஆண்டுகள் அங்கே கற்பித்தார். தாய்நாடு திரும்பவே இல்லை. சொந்த நாட்டில் வாக்குரிமை இல்லாத பெண், யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளியையே நடத்தினார். 1834இல் தொடங்கிய மதுரை மிஷனும் இதே அமைப்பைச் சேர்ந்ததுதான். இவர்களை அனுப்பிய அமெரிக்க மிஷன் வாரியத்தின் ஆவணங்கள் ஹார்வர்ட் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றையும் தமிழ்ப் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு.

இனி சம்பளம். கல்லூரி ஆசிரியராகப் பொதுவாக நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வோ, மாநில அளவிலான செட் தேர்வோ வேண்டும். நெட் வரலாற்றுத் தாளில் பெரும்பகுதி இந்திய வரலாறுதான். அமெரிக்காவையே படித்துக்கொண்டிருந்தால் அங்கே சறுக்குவாள். எம்.ஏ. வகுப்பில் இந்திய வரலாற்றைத் தீவிரமாகப் படிக்கட்டும், ஆய்வேடு மட்டும் அமெரிக்கா பக்கம் இருக்கட்டும். நெட் தேர்வில் முன்னணியில் வருபவர்களுக்குத் தரும் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளில் மாதம் 37,000 ரூபாய் வரும். யு.பி.எஸ்.சி.யில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தால் அமெரிக்கப் புரட்சியும் உள்நாட்டுப் போரும் அடிமை ஒழிப்பும் பாடத்திட்டத்திலேயே உண்டு. ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், பதிப்பகம் ஆகியவற்றிலும் வேலை உண்டு. இடங்கள் கொஞ்சம்தான், மறைக்க விரும்பவில்லை.

அமெரிக்காவில் எம்.ஏ. படிக்கக் கடன் வாங்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே நல்ல முனைவர் பட்டப் படிப்புகள் பலவற்றில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருகிறார்கள். அல்லது இங்கே பிஎச்.டி. பதிவுசெய்துவிட்டு, இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து தரும் ஃபுல்பிரைட்-நேரு ஆய்வு நிதியில் சில மாதங்கள் போய் ஆவணங்களைப் பார்த்துவரலாம். வீட்டை அடகு வைக்கும் யோசனை இருந்தால் இன்றே கைவிடுங்கள். மகளை, உடுவில் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதித் தன் துறைப் பேராசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள், எம்.ஏ. விண்ணப்பத்தை அதன் பிறகு நிரப்பலாம்.