முதல் யுகத்துப் பூதங்கள், மூன்றாம் யுகத்து மேசையில்: கேள்வி பதில்

டோல்கீனின் கற்பனை உலகமான மிடில் எர்த்தின் மூன்றாம் யுகத்தில் நடக்கும் கேம்பெயினுக்குள், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேரக்டர்களாக ஆடும் நீண்ட கதையாட்டத்துக்குள், முதல் யுகத்துக் கொடிய உயிர்களைக் கொண்டுவருவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பதினொரு வருடமாக இந்த ஒரு உலகத்தில்தான் ஆட்டம் நடத்துகிறேன். இந்த உலகத்துக்கான 'தி ஒன் ரிங்' ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு தொடங்கும் வருடமான மூன்றாம் யுகம் 2965-ஐ வைத்தே பேசுவோம்.

கேள்வி: அக்கா, முதல் யுகம் முடிந்து ஆறாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே. அந்தக் காலத்துப் பூதம் 2965-இல் உயிரோடு இருப்பதற்கு என்ன காரணம் சொல்வது?

காரணத்தை டோல்கீனே விட்டுவைத்திருக்கிறார். முதல் யுகத்தின் கடைசிப் போரில் இருளின் தலைவன் மார்காத் வீழ்ந்தான், பெலேரியாண்ட் நிலப்பரப்பு கடலுக்குள் போனது. அவனுடைய நெருப்புப் பூதங்களான பால்ராக்குகள் அழிந்தன, சில மட்டும் தப்பி, யாரும் போக முடியாத பாதாளக் குகைகளில் ஒளிந்துகொண்டன என்கிறது 'சில்மரில்லியன்'. டிராகன்களும் ஏறக்குறைய எல்லாமே அழிந்தன. அந்தச் 'சில', அந்த 'ஏறக்குறைய', இரண்டும் நமக்கான கதவுகள்.

கதவு திறந்திருக்கிறது என்பதற்காக எதையும் உள்ளே விடக் கூடாது. எங்கே ஒளிந்திருந்தது, இத்தனை நாள் ஏன் வெளியே வரவில்லை, இப்போது யார் எழுப்பியது: இந்த மூன்றுக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். குள்ளர்களின் நிலத்தடி நகரமான மோரியாவைப் பாருங்கள். அவர்கள் மித்ரில் என்ற அரிய உலோகத்தைத் தேடித் தோண்டிக்கொண்டே போனார்கள். 1980-இல் அடியில் ஒளிந்திருந்த பால்ராக் எழுந்தது. அரசன் ஆறாம் துரின் அந்த வருடமே செத்தான், அவன் மகன் நைன் அடுத்த வருடம். அதன்பிறகு மொத்த ஜனமும் ஊரைக் காலி செய்தது. எழுப்பியது மந்திரவாதி யாரும் இல்லை, அவர்களுடைய சொந்தக் கடப்பாரைதான். உங்கள் கதையிலும் எழுப்புகிறவன் தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சாதாரண ஆளாக இருக்கட்டும்.

இன்னொன்று, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது. இவையெல்லாம் ஒரு காலத்தில் ஒரு எஜமானனின் படையில் இருந்தவை. அந்த எஜமானன் இப்போது இல்லை. போரில் தோற்று, கூட்டத்தை இழந்து, இருட்டில் ஆயிரக்கணக்கான வருடம் தனியாகக் கிடந்த ஒன்று விழித்ததும் என்ன தேடும்? அதை எழுதிவிட்டுத்தான் அதன் பலத்தைக் கணக்குப் பண்ண உட்காருவேன். தேடுவது என்ன என்று தெரிந்துவிட்டால் அது எந்தப் பக்கம் நகரும், எதைத் தொடாமல் விடும் என்பதெல்லாம் தானாக வந்துவிடும்.

கேள்வி: பால்ராக்கோடு சண்டை போட எத்தனை ஆட்டக்காரர்கள் வேண்டும்?

சண்டைக்கு இறக்காதீர்கள். நான் ஒருமுறை இறக்கினேன், ஏழாவது செஷனிலேயே. நான்கு பேர் உட்கார்ந்து அதன் மிச்ச பலத்தைக் காகிதத்தில் கழித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிடத்தில் பயம் போய்விட்டது. அந்தக் கேம்பெயினில் அது திரும்பி வரவே இல்லை.

பெயரையும் சொல்லாதீர்கள். 2965-இல் மோரியாவில் இருப்பது என்ன என்று குள்ளர்களுக்கே சரியாகத் தெரியாது. 2799-இல் மோரியா வாசல் போரில் வென்ற பிறகு குள்ளர் வீரன் டைன் உள்ளே எட்டிப் பார்த்து, முகம் வெளிறித் திரும்பினான். அவர்களுக்கு அது 'துரினின் எமன்', அவ்வளவுதான். பாலின் என்ற குள்ளன் தன் ஆட்களோடு அங்கே போவது 2989-இல். அது பால்ராக் என்று மந்திரவாதி காண்டால்ஃப் புரிந்துகொள்வதே 3019-இல், அதன் முன்னால் நிற்கும்போது. உங்கள் மேசையில் எல்லோரும் புத்தகம் படித்தவர்களாக இருக்கலாம். அவர்களுடைய கேரக்டர் படிக்கவில்லை. நீங்கள் பெயரைச் சொன்ன நொடியில் அந்த வித்தியாசம் அழிந்துவிடும்.

அது கேரக்டரின் மன இருளைக் கணக்கிடும் நிழல் புள்ளியில் அடிக்கட்டும். நிழல் நம்பிக்கைப் புள்ளியை எட்டிப் பிடித்தால் கேரக்டர் நொந்துபோகும் என்ற விதியே போதும். சூடேறிய கதவு, ஓர்க் என்னும் கொடிய படையினர்கூட ஒதுங்கி ஓடும் தாழ்வாரம், தூரத்தில் ஒரு வெளிச்சம். எண்கள் அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: மொத்தம் எத்தனை பால்ராக்குகள்? என் கதையில் ஐம்பது பேர் படையாக வருகிறார்கள்.

ஆரம்பகாலக் கதைகளில் டோல்கீன் நூற்றுக்கணக்கில்தான் எழுதினார். பிற்காலத்தில் மனதை மாற்றிக்கொண்டு, மூன்று அல்லது அதிகபட்சம் ஏழுக்கு மேல் இருந்ததாக வைக்கக் கூடாது என்று கைப்பிரதியின் ஓரத்தில் குறித்தார். ஐம்பதை ஒன்றாக்குங்கள்.

கேள்வி: பால்ராக்குக்கு இறக்கை உண்டா? வர்ணிக்க வேண்டியிருக்கிறது.

இல்லை என்பது என் வாசிப்பு. மோரியா பாலத்தில் அதைச் சுற்றிய நிழல் இரண்டு பெரிய இறக்கைகளைப் 'போல' விரிந்தது என்று முதலில் வருகிறது. கொஞ்சம் தள்ளி, இறக்கைகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்று வருகிறது. இரண்டாவது, முதல் உவமையின் தொடர்ச்சி. தவிர, இறக்கை இருந்தால் பள்ளத்தில் ஏன் விழுந்தது? முதல் யுகத்து நகரமான கொண்டோலின் மலைப்பாதையில் எல்ஃப் வீரன் குளோர்ஃபிண்டெலோடு மோதிய பால்ராக்கும் விழுந்துதான் செத்தது.

கேள்வி: 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (டி அண்ட் டி) என்ற ஆட்டத்தில் ஐந்தாம் லெவல் பார்ட்டிக்கு பால்ராக் சரியா?

அந்த விதிகளுக்கு நான் ஆள் இல்லை, அதை நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். 1974-இல் வந்த முதல் பதிப்பில் பால்ராக் அதே பெயரில் இருந்தது. உரிமை வைத்திருந்தவர்கள் எதிர்த்த பிறகு பெயரை எடுத்துவிட்டார்கள். இன்று அங்கே 'பேலர்' என்று இருப்பது அதன் வாரிசு. டோல்கீனின் குட்டை இனமான ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனதும் அப்படித்தான்.

கேள்வி: இறக்கை பற்றி நீங்கள் சொன்னது தப்பு, அக்கா. ஸ்மாக் என்ற டிராகனுக்கும் இறக்கை உண்டு, அதுவும் விழுந்துதான் செத்தது. பாலம் திடீரென்று உடைந்தால் குறுகலான குகையில் யாரால் பறக்க முடியும்? தவிர, பால்ராக்குகள் சிறகுகளின் வேகத்தில் ஹித்லும் நாட்டைக் கடந்தன என்று டோல்கீனே எழுதியிருக்கிறார்.

முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். விழுந்தது என்பதை வைத்து இறக்கை இல்லை என்று நான் சொன்னது பலவீனமான வாதம், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இரண்டாம் பாதிக்கு வருவோம். நீங்கள் சொல்லும் வரி 1993-இல் வெளியான பிற்காலக் கைப்பிரதியில் இருக்கிறது. 1977-இல் அச்சான 'சில்மரில்லியனில்' ஹித்லுமைக் கடந்து நெருப்புப் புயலாக வந்தன என்று மட்டும்தான் இருக்கிறது. சரி, கைப்பிரதியையே எடுத்துக்கொள்வோம். பையன் இறக்கை கட்டிப் பறக்கிறான் என்று நாமும்தான் சொல்கிறோம். அவன் தோளை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அது வேகத்துக்கான பேச்சு.

கேள்வி: இரண்டு பேர் சண்டையில் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மேசையில் என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லாதீர்கள். இருட்டு இரண்டு பக்கமும் விரிந்தது என்று நிறுத்துங்கள். என் ஆட்டத்தில் ஒருவர் இறக்கையைப் பார்த்தேன் என்று சாதித்தார், பக்கத்தில் இருந்தவர் புகைதான் என்றார். அவர்களுடைய கேரக்டர்கள் அடுத்த மூன்று செஷனுக்கு அதைப் பேசிக்கொண்டே நடந்தன. அப்படி ஒரு வாக்குவாதம் கிடைக்கும்போது அதை நீங்கள் தீர்த்துவைக்க வேண்டாம்.

கேள்வி: டிராகன்? ஸ்மாக் செத்த பிறகு மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது, தாராளமாக. ஸ்மாக் விழுந்தது 2941-இல். ஆனால் டிராகன்கள் ஒழிந்துவிடவில்லை, நம் காலத்துக்கு வெகு அருகில்வரை இருந்தன என்று 1954-இல் ஒரு கடிதத்தில் டோல்கீன் எழுதினார். அதே நேரம், பழைய நெருப்பு போதிய சூட்டோடு எரியும் டிராகன் இன்று எதுவும் இல்லை என்று காண்டால்ஃப் ஃப்ரோடோ என்ற ஹாபிட்டிடம் சொல்கிறார். இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்: இனம் இருக்கிறது, தணல் குறைந்துவிட்டது. 2589-இல் சாம்பல் மலைகளில் குள்ளர் அரசன் முதலாம் டைனை அவன் மண்டபத்து வாசலிலேயே கொன்றது நெருப்பே இல்லாத குளிர் டிராகன்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்காத்தா என்ற டிராகனின் கதை. அதையும் அதே மலைகளில் எயோதெயோட் என்ற மனித இனத்து ஃப்ராம் கொன்றான். புதையல் எங்களுடையது என்று குள்ளர்கள் கேட்டார்கள். அவன் டிராகன் பல்லைக் கோத்து மாலையாக்கி அனுப்பி, இந்த மாதிரி நகை உங்களிடம் இருக்காது என்றான். அந்த அவமானத்துக்காகக் குள்ளர்கள் அவனைக் கொன்றதாகச் சிலர் சொல்கிறார்கள். புதையலில் இருந்த ஒரு சின்னக் கொம்பு பிற்பாடு ரோஹன் நாட்டில் மெர்ரி என்ற ஹாபிட்டுக்குப் பரிசாகிறது. டிராகன் செத்த பிறகுதான் கதையே சூடுபிடிக்கிறது பாருங்கள். நீங்களும் முதல் செஷனிலேயே டிராகனைப் பிணமாகக் காட்டுங்கள். எலும்பு கிடக்கட்டும், பொருளுக்கு மூன்று பேர் உரிமை கேட்டு வரட்டும். ஒரு முழு வருடம் ஓடும்.

கேள்வி: நீல மலைகளில் ஒரு பால்ராக் வைத்து, கடைசி செஷனில் சண்டை வைக்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன். இதே கேள்வி வேறு வேறு மலைப் பெயரோடு இன்னும் ஐந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே பதில்: சண்டை வேண்டாம், பெயர் வேண்டாம்.

கேள்வி: அங்கோலியண்ட்டைக் கொண்டுவரலாமா?

வேண்டாம். முதல் யுகத்து அந்த ராட்சதச் சிலந்தி பசியில் தன்னையே தின்று முடிந்தாள் என்று ஒரு கதை இருக்கிறது. அவள் வம்சத்துச் சிலந்தி ஷீலாப்பை எடுங்கள். மூன்றாம் யுகத்து இருள் அரசன் சாவ்ரானின் கோட்டையான பராத்-தூரின் முதல் கல் வைப்பதற்கு முன்பே அவன் நாடான மோர்டாரின் எல்லையில் வந்து உட்கார்ந்தவள். சாவ்ரானுக்கு அவள் இருப்பது தெரியும், கைதிகளை அனுப்பிவைப்பான். ஆனாலும் அவள் யாருக்கும் சேவகம் செய்வதில்லை. எஜமானன் இல்லாத பழைய உயிர் என்று முதலில் சொன்னேனே, அதற்கு அவள்தான் சரியான ஆள்.

கேள்வி: ஓநாய் மனிதர்கள்?

மனிதன் ஓநாயாக மாறுவது இந்த உலகத்தில் இல்லை. ஓநாய் உடலுக்குள் சாவ்ரான் அடைத்துவைத்த கொடிய ஆவி அது. மூன்றாம் யுகத்திலும் மோர்டாரின் சேவகர்களில் அவற்றைக் காண்டால்ஃப் சேர்த்துச் சொல்கிறார். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் மோரியாவுக்குள் போவதற்கு முந்தின இரவு ஓநாய்கள் தாக்குவதை வாசியுங்கள். விடிந்ததும் ஓநாய்ப் பிணம் ஒன்றுகூட இல்லை. லெகோலாஸின் அம்புகள் முழுசாகக் கிடக்கின்றன, ஒன்றில் மட்டும் முனைதான் மிச்சம். உங்கள் ஆட்டக்காரர்கள் காலையில் அம்பு பொறுக்கப் போகும்போது இப்படி ஒரு காட்சி கொடுங்கள்.

கேள்வி: மேட்டுக் கல்லறைப் பேய்கள் முதல் யுகத்தவையா?

கல்லறைகளில் பல முதல் யுகம், பேய் மூன்றாம் யுகம். 1636 கொள்ளைநோயில் கார்டோலன் நாடு காலியான பிறகு, வடக்கு நாடுகளான ஆங்மாரிலிருந்தும் ருடௌரிலிருந்தும் வந்த ஆவிகள் அந்த மேடுகளில் குடியேறின.

கேள்வி: இறக்கை விஷயத்தில் கடைசியாக ஒன்று...

அதை விட்டுவிடுவோம், இன்னொருவர் வெகுநேரமாகக் காத்திருக்கிறார்.

கேள்வி: மோரியாவுக்கும் கீழே உலகத்தைக் கொறிக்கும் பெயரில்லாத உயிர்கள் என்று ஒரு வரி வருகிறதே, அவற்றை எப்படி ஆட்டத்தில் வைப்பது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அவை சாவ்ரானைவிடப் பழையவை, அவனுக்கே தெரியாதவை. காண்டால்ஃப் அவற்றைப் பார்த்துவிட்டு வந்து, அதைச் சொல்லி இந்தப் பகல் வெளிச்சத்தை இருட்டாக்க மாட்டேன் என்று மறுத்துவிடுகிறார். டோல்கீன் காட்டாததை நானும் காட்டுவதில்லை, எண் எதுவும் எழுதிவைப்பதும் இல்லை. போன மாதம் என் ஆட்டக்காரர்கள் கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்தில் இரவு தங்கினார்கள். காவல் இருந்தவரிடம், தலைக்குப் பின்னால் பாறைக்குள் ஏதோ கொறிக்கும் சத்தம் கேட்கிறது, நிற்கவே இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் மற்றவர்களை எழுப்பினார். யாரும் ஆயுதத்தை எடுக்கவில்லை. பகடையும் உருளவில்லை. மூட்டை கட்டி வெளியே வந்து, நான்கு நாள் சுற்றுப் பாதையில் போனார்கள்.