42-ஆவது பார்

அன்புள்ள அக்கா,

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து எழுதுகிறேன். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு வீட்டில் பியானோ சும்மா கிடந்தது. 47 வயதில் நான் அதன் முன் உட்கார்ந்தேன், இப்போது நான்கு வருடம் ஆகிறது. மொசார்ட்டின் சி மேஜர் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட வாத்திய இசை), பட்டியல் எண் கே. 545, அதன் முதல் பகுதியை எட்டு மாதமாகப் பழகினேன். வீட்டில் தடங்கல் இல்லாமல் வரும்.

போன மாதம் என்னைப் போலவே பெரியவர்களான பின் கற்க வந்த நான்கு பேர் ஒரு நண்பர் வீட்டில் கூடினோம். பாதிக்கு மேல் நன்றாகத்தான் போனது. முதலில் வந்த மெட்டு திரும்ப வரும் இடத்தில் கை நின்றுவிட்டது. மூன்று தடவை முதலிலிருந்து தொடங்கினேன், மூன்று தடவையும் அதே இடத்தில் நின்றேன். எழுந்து வந்துவிட்டேன். எனக்கு அடுத்து வாசித்தவர் கிளெமென்டியின் முதல் சொனாட்டினாவை (சின்ன சொனாட்டா) வாசித்தார். சிறு பிள்ளைகள் பரீட்சைக்கு வாசிப்பதுதான். எல்லோரும் ரசித்துக் கேட்டார்கள்.

முழுசாகச் சரியாகும் வரை யார் முன்னாலும் வாசிக்கக் கூடாதா? இந்த வயதில் பிள்ளைகளின் பாடத்தை வாசிப்பது சரியா? நேரம் இருந்தால் பதில் எழுதுங்கள். பெயர் வேண்டாம்.

பதில்

அன்புள்ள தம்பி,

நீங்கள் நின்ற இடம் 42-ஆவது பார். (பார் என்றால் தாளக் கணக்கில் ஒரு சிறு கட்டம், நம் ஆவர்த்தனம் மாதிரி.) பந்தயம் கட்டத் தயார்.

அந்த இடத்தில் மொசார்ட் ஒரு வேலை செய்திருக்கிறார். தொடக்கத்தில் மெட்டு சி மேஜரில் வருகிறது. நம் பழக்கத்தில் சொன்னால் சி-தான் ஸ. ஊரெல்லாம் சுற்றிவிட்டு மெட்டு வீடு திரும்பும்போது ஸ-வில்தான் திரும்ப வேண்டும், அந்தக் காலத்து வழக்கம் அது. இவரோ ம-வில் திரும்புகிறார், அதாவது எஃப் மேஜரில். காதுக்கு வீடு வந்துவிட்ட மாதிரி இருக்கும், கைக்கு அது வேறு தெரு. அப்புறம் வரும் ஸ்கேல்கள், அதாவது ஸ்வரங்கள் வரிசையாக ஏறி இறங்கும் ஓட்டங்கள், முதல் தடவை வலது கையில் மட்டும் ஓடியவை. இப்போது இடது கைக்கும் போகின்றன. முதலில் 28 பாரில் முடிந்த சங்கதி, திரும்ப வரும்போது 32 பார் நீள்கிறது. எட்டு மாதம் முதலிலிருந்தே வாசித்துப் பழகிய கை என்ன செய்யும்? பழைய தெருவில் திரும்பப் பார்க்கும். மூன்று தடவை முதலிலிருந்து தொடங்கியது பாவம், அதே குழியில் விழ மூன்று தடவை ஓடியது போல.

நாளையிலிருந்து தினமும் முதலில் 42-இல் தொடங்குங்கள். அங்கிருந்து கடைசி வரை வாசித்த பிறகு 29-இல் தொடங்குங்கள். முதல் பாருக்குக் கடைசியில் வாருங்கள். ஒரு வீட்டுக்கு நான்கு வாசல் தெரிந்தவன் இருட்டில் நின்றுவிட மாட்டான்.

இந்தச் சொனாட்டாவை மொசார்ட் தன் குறிப்பேட்டில் 1788 ஜூன் 26 தேதியிட்டு, தொடக்கக்காரர்களுக்கான சின்ன சொனாட்டா என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை. 1805-இல்தான் வெளிவந்தது. தொடக்கக்காரர்களுக்கு என்று அவர் எழுதியதை நம்பி நாமும் ஏமாந்தோம். மொசார்ட்டின் சொனாட்டாக்கள் பிள்ளைகளுக்கு மிக எளிது, கலைஞர்களுக்கு மிகக் கடினம் என்று பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெல் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நம்மைப் போன்ற நடுவில் இருப்பவர்களைப் பற்றி அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

முதல் பாரின் இடது கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ ப க ப, ஸ ப க ப. ஆல்பெர்ட்டி பாஸ் என்பார்கள். இத்தாலிக்காரர் டொமெனிக்கோ ஆல்பெர்ட்டி பெயரால் வந்தது. ஒரு பாரில் ப நான்கு தடவை வருகிறது, நான்கும் கட்டைவிரலில். கையிலேயே தடித்த விரல் அதுதான். கொஞ்சம் கவனம் தப்பினால் மேலே பாடும் மெட்டை விட இந்த ப-தான் உரக்கக் கேட்கும். மொசார்ட் காலத்துப் பியானோவில் ஐந்து ஆக்டேவ்தான் (ஆக்டேவ் என்றால் ஒரு ஸ்தாயி), சுத்தியலில் தோல், சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும். அதில் இந்தக் கீழ்க்கை மெல்லிய சரசரப்பாக இருந்திருக்கும். நம்மிடம் இருப்பதோ 88 கட்டையும் இரும்புச் சட்டமும் கொண்ட யானை. அதனால் நான் கட்டைவிரலை ஊமையாக்கிப் பழகுகிறேன். ஸ-வும் க-வும் மட்டும் ஒலிக்கும். கட்டைவிரல் ப-வைத் தொடும், அழுத்தாது. ஒரு வாரம் அப்படி வாசித்தபின் அழுத்த விட்டால் விரல் தானே பணிவாக இருக்கிறது.

இதைச் சொல்லும்போது என் அவமானம் ஒன்று ஞாபகம் வருகிறது. நான் வாங்கியது ஜப்பானிலிருந்து வந்த பழைய யமஹா. எந்தக் கடை என்பது வேண்டாம். நவம்பர் மழையில் அந்த ப கட்டை அழுத்தினால் மேலே வர மாட்டேன் என்றது. எனக்கு அது தெரியவில்லை. ஆறு வாரம் என் கட்டைவிரலைத் திட்டிக்கொண்டிருந்தேன். பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் டியூனர் வந்து கட்டையை உருவிக் காட்டினார். வறண்ட ஊரிலிருந்து வந்த மரமும் கம்பளித் துணியும் பினாங்கு ஈரத்தைக் குடித்து ஊதியிருந்தன. ஈரத்தை உலர்த்த உள்ளே ஒரு ஹீட்டர் ராட் வைத்துவிட்டுப் போனார். "விரல்ல ஒண்ணும் இல்லைம்மா" என்றார். உங்கள் பியானோவும் சும்மா கிடந்தது என்கிறீர்கள். முதலில் டியூனரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது பிள்ளைகளின் பாடம். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. நம் வீடுகளில் பியானோ என்றால் கிரேடு பரீட்சை. எட்டாவது கிரேடு சான்றிதழ், பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்பிஎம் சான்றிதழோடு ஒரே ஃபைலில் போய்விடும், மறுநாளிலிருந்து பியானோ மேல் குடும்பப் படம் ஏறும். கிளெமென்டியின் ஓபஸ் 36 (ஓபஸ் என்பது படைப்பு எண்) இரண்டாவது கிரேடு, மூன்றாவது கிரேடு என்று நாம் சொல்லிச் சொல்லி, அவர் யார் என்பதே மறந்துவிட்டது. 1781 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வியன்னாவில் பேரரசர் இரண்டாம் யோசேப்பு முன்னிலையில் மொசார்ட்டோடு போட்டிக்கு உட்கார்ந்தவர் அவர். மொசார்ட் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அவரை வெறும் இயந்திரம் என்ற மாதிரி மட்டம் தட்டினார். அந்த இயந்திரம் 1797-இல் வெளியிட்டவைதான் இந்த ஆறு சொனாட்டினாக்கள்.

முதல் சொனாட்டினாவில் மெட்டு திரும்ப வரும்போது ஒரு ஆக்டேவ் கீழே வரும். தம்பி பேசியதை அண்ணன் தொண்டையில் கேட்பது போல இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் நோட்டு. உங்கள் நண்பருக்கு அது கேட்டிருக்கிறது, அதனால்தான் மற்றவர்களுக்கும் கேட்டது.

அந்தக் காலத்தில் இவையெல்லாம் யாருக்காக எழுதப்பட்டன என்று நினைக்கிறீர்கள்? ஜெர்மன் இசையமைப்பாளர் சி. பி. இ. பாக் 1779-இலிருந்து வெளியிட்ட ஆறு தொகுப்புகளின் தலைப்பிலேயே, விஷயம் தெரிந்தவர்களுக்கும் ஆசைப்படுபவர்களுக்கும் என்று இருக்கும். இன்னொரு இசையமைப்பாளர் ஹைடன் 1780-இல் ஆறு சொனாட்டாக்களை ஔவென்ப்ருக்கர் சகோதரிகள் இருவருக்குக் காணிக்கையாக்கினார். தொழில்முறைக் கலைஞர்கள் அல்ல, வீட்டில் வாசித்த பெண்கள், ஆனால் பலே கைகாரிகள். அவர்களின் அப்பாதான் நெஞ்சைத் தட்டிப் பார்த்து நோயறியும் முறையைக் கண்டுபிடித்த மருத்துவர். அப்பா நெஞ்சைத் தட்டினார், பெண்கள் கட்டையைத் தட்டினார்கள். என்ன வீடு அது! மேடையும் டிக்கெட்டும் இல்லாமல், ஒரு கூடத்தில் தெரிந்த நான்கு பேர் முன்னால் வாசிக்கப்பட்டவை இவை. நீங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் செய்ததும் அதேதான்.

ஆகவே முழுசாகச் சரியாகும் வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது தப்பு தெரியாது, கை அதை மூடி மறைத்துவிடும். நாலு பேர் உட்கார்ந்தால்தான் 42-ஆவது பார் வெளியே வரும்.

இங்கே நாங்கள் ஆறு பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் ஃபெரியில் வருவார். எங்களிடம் இரண்டு பழக்கம் உண்டு. வாசிக்கும் முன் எந்த இடத்துக்குப் பயப்படுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். சொன்னதுமே பாதிப் பயம் போய்விடும், மீதிப் பாதியை மற்றவர்கள் சேர்ந்து பயப்படுவார்கள். இன்னொன்று, ஒரே பாடத்தை ஒரே நாளில் இருவர் வாசிப்பது. இதற்குப் பெத்தோவெனின் ஓபஸ் 49-இல் இரண்டாவது நல்ல தோது. இதன் அச்சில் எங்கே மெல்ல, எங்கே உரக்க என்ற குறி அநேகமாக இல்லை. அவர் அதை 1790-களில் எழுதிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார், அவருடைய தம்பி எடுத்துப் பதிப்பாளரிடம் கொடுத்து 1805-இல் வெளிவந்தது. குறி இல்லாததால் ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய வேண்டும். போன ஆவணியில் எங்களில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் அதைப் படைவகுப்பு மாதிரி வாசித்தார், பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண் தாலாட்டு மாதிரி வாசித்தாள். அன்றைக்குப் பசியாறியது பன்னிரண்டு மணிக்கு, அவ்வளவு சண்டை.

சரஸ்வதி பூசையன்று என் பியானோவுக்கும் குங்குமமும் பூவும் உண்டு, அன்று தொடுவதில்லை. மறுநாள் விஜயதசமிக்கு முதலில் வாசிப்பது கிளெமென்டியின் அந்த முதல் பக்கம்தான். 58 வயதில், பிள்ளைகளின் பாடம்.

அதே நான்கு பேரை மறுபடி கூப்பிடுங்கள். இந்தத் தடவை முதல் பாரைத் தொட வேண்டாம், நேராக 42-இல் தொடங்கி முடிவு வரை வாசியுங்கள். எப்படிப் போனது என்று எழுதுங்கள். தீபாவளி விடுமுறையில் பினாங்குப் பக்கம் வந்தால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வாருங்கள், தே தாரிக் என் செலவு. அந்த ப கட்டை இப்போது ஒழுங்காக மேலே வருகிறது.

அன்புடன்,
அக்கா