ஹெட்லைட் ஹோல்டர் உருகுனதுக்கு பதில்

நண்பா, கார் ஹெட்லைட் டிம்மா இருக்குன்னு 100/90 வாட் (ஹை பீம் 100, லோ பீம் 90) பல்பு மாட்டி ரெண்டு வாரத்துல ஹோல்டர் உருகிடுச்சுன்னு போட்டிருந்தீங்க. 60 வாட் பல்பு 12 வோல்ட்ல 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட்னா 8.3, அதே மெல்லிசு ஒயர்ல சூடு ரெண்டரை மடங்குக்கு மேல ஏறும், பிளாஸ்டிக் ஹோல்டர் எப்படி தாங்கும்?

முதல்ல பழைய 60/55 வாட் பல்பையே திரும்ப மாட்டுங்க, மல்டிமீட்டர் எடுங்க. இன்ஜின் ஓடட்டும், லைட் எரியட்டும், பேட்டரியில ஒரு தடவை, ஹோல்டர் பின்னாடி பின்ல ஒரு தடவை வோல்ட் பாருங்க. ஒரு வோல்ட் குறைஞ்சாலே கிட்டத்தட்ட கால்வாசி வெளிச்சம் போயிடும். அப்படி குறைஞ்சா பல்பு மேல தப்பில்ல, எர்த் பாயின்ட்டை (நெகட்டிவ் ஒயர் கார் பாடியில சேர்ற இடம்) சுரண்டி டைட் பண்ணுங்க, அதுக்கும் சரியாகலைன்னா ரிலே கிட் போடுங்க. ரிலேன்னா பழைய ஒயர் சிக்னல் மட்டும் குடுக்க, பேட்டரியிலேருந்து நேரா பல்புக்கு கரண்ட் விடுற சுவிட்ச்.

லோவுக்கு ஒண்ணு ஹைக்கு ஒண்ணு, 30 ஆம்பியர் ரிலே. ரிலே பின் நம்பர்ல 85, 86 ரெண்டும் பழைய ஹோல்டர்லேருந்து வர்ற சிக்னலுக்கும் எர்த்துக்கும், 30-ம் நம்பர் பேட்டரி பாசிட்டிவுக்கு, 87 பல்புக்கு. ஒயர் 2.5 ஸ்கொயர் எம்எம், செராமிக் ஹோல்டர், பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ், அது இல்லாம தயவுசெஞ்சு போடாதீங்க. சில கார்ல சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும், ஹை, லோ ரெண்டுக்கும் பொதுவான காமன் பின்ல பாசிட்டிவ் வரும், அதுக்கு இந்த கிட் அப்படியே செட் ஆகாது, செக் பண்ணிட்டு வாங்குங்க.

லென்ஸ் மஞ்சளா இருக்கா? டூத்பேஸ்ட் எல்லாம் சும்மா. 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாள் வரிசையா தண்ணி போட்டு தேய்ச்சு, வெயில்லேருந்து காக்குற யூவி கோட் அடிங்க. பேட்டரியில, ஹோல்டர்ல எடுத்த அந்த ரெண்டு வோல்ட் ரீடிங்கையும் இங்க போடுங்க.