பியூரெட்டை மோட்டாரிடம் கொடுத்த பிறகு: கேள்வி பதில்

சிறிய வேதியியல் ஆய்வகங்களில் தராசு, டைட்ரேட்டர் (பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு, வினை முடிய எவ்வளவு செலவானது என்று அளக்கும் கருவி), சிரிஞ்ச் பம்ப் (சிரிஞ்சை மோட்டாரால் மெல்லத் தள்ளும் கருவி) ஆகியவற்றைத் தானாக ஓடவைப்பது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (கல்லூரி ஆய்வக உதவியாளர்): சார், கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான். முதலில் எதைத் தொடுவது?

பதில்: தராசை. ஒரு மோட்டாரும் வாங்காமல் பலன் கிடைப்பது அங்கேதான். பெரும்பாலான அனலிட்டிகல் (நுண்ணெடை) தராசுகளின் பின்பக்கம், கணினியோடு இணைக்கும் ஆர்எஸ்-232 சீரியல் போர்ட் சும்மாவே கிடக்கும். மெட்லர் டொலிடோ தராசு என்றால், வழக்கமாக 9600 பாட் வேகத்தில் இணைத்து ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்தையும் வரிமுடிவையும் அனுப்பினால் போதும். எடை நிலைத்தபின் அளவு திரும்பி வரும். ‘எஸ்ஐ’ என்று அனுப்பினால் முள் ஆடிக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும், அதைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். பைத்தானில் பத்துப் பதினைந்து வரி வேலை. 0.1523-ஐ 0.1532 என்று மாற்றி எழுதும் வியாதி இதோடு ஒழியும்.

கேள்வி (மருந்து ஆலை, தரக்கட்டுப்பாடு): ஆட்டோ டைட்ரேட்டர் புதுசு. ஆனால் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடின் ஃபேக்டர் (உண்மையான செறிவைக் காட்டும் திருத்த எண்) காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கருவியைத் திருப்பி அனுப்பலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், முதலில் குழாயைப் பாருங்கள். 10 மிலி பியூரெட்டைக் கருவி 10,000 படியாகப் பிரிக்கிறது என்றால் ஒரு படி 1 மைக்ரோலிட்டர். 2 மிமீ உள்விட்டமுள்ள குழாயில் 1 செமீ நீளக் குமிழி நின்றால் அது 31 மைக்ரோலிட்டர். அது வெளியேறும் ஓட்டத்தில் அவ்வளவு காற்றும் காரமாகக் கணக்கில் ஏறும். 7.3 மிலி செலவாகும் டைட்ரேஷனில் இது 0.4 சதவீதப் பிழை.

குமிழி வரும் வழிகள் மூன்று: குளிர்ந்த கரைசல் அறைச் சூட்டுக்கு வரும்போது கரைந்திருந்த காற்று பிரிவது, பியூரெட் மிக வேகமாக உறிஞ்சுவது, இணைப்பு மரை தளர்ந்திருப்பது. கரைசலை அல்ட்ராசோனிக் தொட்டியில் 10 நிமிடம் வையுங்கள், நிரப்பும் வேகத்தைப் பாதியாக்குங்கள், மரையை விரலால் இறுக்குங்கள் (ஸ்பேனர் வேண்டாம், இணைப்பு விரிசல் விடும்). காலையில் முதல் வேலையாகப் பியூரெட்டை இரண்டு மூன்று முறை நிரப்பிக் காலி செய்யுங்கள்.

குமிழி இல்லாமலும் ஃபேக்டர் நாளுக்கு நாள் இறங்கினால் காரணம், காரத்தோடு வினைபுரியும் காற்றின் கார்பன் டைஆக்சைடு. பாட்டிலின் காற்று வழியில் அதை உறிஞ்சும் சோடா லைம் குழாய் இருக்கிறதா, அது தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1957-இல் சந்தைக்கு வந்த, லியோனார்ட் ஸ்கெக்ஸ் உருவாக்கிய ஆட்டோஅனலைசர் (மாதிரிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயில் ஓடவிட்டுச் சோதிக்கும் கருவி) வேண்டுமென்றே குழாய்க்குள் காற்றுக் குமிழி விட்டது. மாதிரிகள் ஒன்றோடொன்று கலக்காமல் தடுத்தது அந்தக் குமிழிதான்!

அவரே: ஃபேக்டர் போட, எடை போட்டு எடுக்கும் திட்ட அமிலமான பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் 0.4 கிராம் எடுக்கிறோம். சரியா?

பதில்: 50 மிலி கண்ணாடி பியூரெட்டுக்குச் சரி. அதற்கு 19.6 மிலி செலவாகும். உங்கள் கருவியின் 10 மிலி பியூரெட் நடுவில் நின்று மறுபடி நிரப்ப வேண்டிவரும், பிழையும் கூடும். 120 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத கண்ணாடிக் கலம்) ஆறவிட்டு, 0.15 கிராம் எடுங்கள்.

கேள்வி (அதே துறை, வேறு ஆலை): அசிட்டிக் அமிலத்தில் கரைத்த பெர்குளோரிக் அமிலத்தால் செய்யும் டைட்ரேஷனில் மதியம் மட்டும் அஸே (மருந்தின் அளவு சதவீதம்) கூடுகிறது.

பதில்: அசிட்டிக் அமிலம் ஒரு டிகிரிக்கு 0.11 சதவீதம் விரியும். ஃபேக்டர் போட்ட நேரத்தைவிட 5 டிகிரி கூடினால் 0.55 சதவீதம். வெப்பநிலை உணரியை இணைத்துத் திருத்தத்தை மென்பொருளிலேயே போடுங்கள். டைட்ரேட்டரின் மின்முனைக்குள் பொட்டாசியம் குளோரைடு இருந்தால் மாற்றிவிடுங்கள்: பொட்டாசியம் பெர்குளோரேட் வீழ்படிவாகி, மின்முனை கரைசலைத் தொடும் நுண்துளைச் சந்தியை அடைக்கும். எத்தனாலில் கரைத்த லித்தியம் குளோரைடுதான் இதற்கு.

கேள்வி (ஆராய்ச்சி மாணவர்): அண்ணா, ஆர்டுயினோ (சிறிய கட்டுப்பாட்டு போர்டு) வைத்துச் சிரிஞ்ச் பம்ப் செய்தேன். மணிக்கு 1 மிலி விட்டால் சீராக வராமல் துள்ளித் துள்ளி வருகிறது.

பதில்: என்ன திருகு போட்டீர்கள்? கடையில் கிடைக்கும் வழக்கமான டி8 திருகு என்றால் ஒரு சுற்றுக்கு 8 மிமீ நகரும். ஒரு சுற்றுக்கு 200 படி வைக்கும் மோட்டாரை 16 மைக்ரோஸ்டெப்பில் (ஒரு படியை 16 சிறு படியாகப் பிரித்து) ஓட்டினால் ஒரு சுற்றுக்கு 3200, அதாவது மிமீக்கு 400. உள்விட்டம் 14.5 மிமீ உள்ள 10 மிலி சிரிஞ்சில் 1 மிமீ தள்ளினால் 0.165 மிலி, ஒரு படிக்கு 0.41 மைக்ரோலிட்டர். நீங்கள் கேட்கும் வேகத்தில் ஒன்றரை விநாடிக்கு ஒரு படிதான் விழும். எம்5 மரைக் கம்பி (0.8 மிமீ) போட்டால் பத்து மடங்கு நுணுக்கம்.

அதோடு தீராது. மைக்ரோஸ்டெப் ஒன்றின் விசை சொற்பம். பிளாஸ்டிக் சிரிஞ்சின் ரப்பர் சுவரில் ஒட்டிக்கொண்டு, சில படி சேர்ந்ததும் வழுக்கும். டெஃப்லான் முனையுள்ள கண்ணாடி சிரிஞ்சுக்கு மாறுங்கள். அளவு சரிபார்க்க, தராசில் மூடிய பாட்டிலுக்குள் ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டு எடை பாருங்கள் (25 டிகிரியில் மிலிக்கு 0.997 கிராம்). ஊசி பாட்டிலைத் தொடக் கூடாது, திறந்து வைத்தால் ஆவியாவதே கணக்கைக் கெடுக்கும்.

அவரே: கணினியை இணைத்தவுடன் பம்ப் இருந்த இடத்தை மறந்துவிடுகிறது.

பதில்: ஆர்டுயினோ ஊனோ போர்டு, கணினி சீரியல் போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் ரீசெட் ஆகும். புரோகிராம் ஏற்றி முடித்தபின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வையுங்கள், நேர்முனை ரீசெட் பக்கம்.

கேள்வி: டைகுளோரோமீத்தேன் கரைப்பானை பெரிஸ்டால்டிக் பம்பில் (மென்குழாயை உருளைகளால் அமுக்கித் திரவத்தைத் தள்ளும் பம்ப்) விடலாமா மேடம், சார் யாராவது?

பதில்: கூடாது. சிலிகான் குழாய் ஊதிப் பெருத்துவிடும், பிவிசி குழாயிலிருந்து பிளாஸ்டிசைசர் (குழாயை மென்மையாக்கச் சேர்த்த பொருள்) கரைந்து உங்கள் கலவையில் சேரும்.

கேள்வி (முனைவர் பட்ட மாணவி): சார், ராத்திரி முழுக்க ரிஃப்ளக்ஸ் (கொதிக்கும் ஆவியைக் கண்டென்சரில் குளிர்வித்துக் குடுவைக்கே திருப்புவது) ஓட, கூடவே சிரிஞ்ச் பம்பில் ரியாஜென்ட் (வினைபொருள்) சேர்ந்துகொண்டிருக்க வேண்டும். ஆள் இல்லாமல் விடலாமா?

பதில்: நான்கு விஷயம் கைவசம் இருந்தால் யோசிக்கலாம். வெப்ப உணரி குடுவையிலிருந்து நழுவினால் கட்டுப்படுத்தி ‘இன்னும் சூடாகவில்லை’ என்று முழு மூச்சில் சூடேற்றும். அதனால் உணரியைக் கிளாம்பில் தனியாகப் பிடியுங்கள். சூடேற்றியை ஆன்-ஆஃப் செய்யும் மின்னணு சுவிட்சான சாலிட் ஸ்டேட் ரிலே பழுதானால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே நின்றுவிடும். மேல் வரம்பு தாண்டினால் மின்சாரத்தை வெட்ட, மென்பொருளைச் சாராத தனி கட்-ஆஃப் வேண்டும். கண்டென்சருக்குத் தண்ணீர் போகும் குழாயின் இரு முனைகளையும் கிளிப் போட்டு இறுக்குங்கள். ராத்திரியில் ஊரில் தண்ணீர் உபயோகம் குறைந்து அழுத்தம் ஏறும், குழாய் கழல்வது அப்போதுதான்.

நான்காவது மின்தடை. பம்ப் யூபிஎஸ்ஸிலும் ஸ்டிரர் (கலக்கி) வெறும் பிளக்கிலும் இருந்தால், கரண்ட் போனதும் ரியாஜென்ட் கலக்காமல் அடியில் சேர்ந்துகொண்டே போகும். கரண்ட் வந்து ஸ்டிரர் சுழன்றதும் மொத்தமும் ஒரே மூச்சில் வினைபுரியும். கிரிக்னார்டு போன்ற, வெப்பம் அதிகம் வெளிவிடும் வினைகளில் குடுவை பொங்கிவிடும். ஸ்டிரர் நின்றால் பம்பும் நிற்கும்படி இணையுங்கள், கரண்ட் திரும்பினாலும் கையால் பொத்தான் அழுத்தாமல் எதுவும் தொடங்கக் கூடாது.