சீட்டில் எழுதாத நேரம்

கேள்வி: புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்து, ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. தாலுகா ஆஸ்பத்திரிகளிலிருந்து மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறவர்கள் இங்கே வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் ஆய்வு. ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போதே சம்மதப் படிவத்தோடு நிற்கிறேன். போன வாரம் ஓர் அம்மா, "டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரரைக் காப்பாத்துங்க" என்று என் கையைப் பிடித்து அழுதார். படிவத்தை நீட்டவே கூசியது. இன்னொன்று, பல ரெஃபரல் சீட்டுகளில் புறப்பட்ட நேரமே இருப்பதில்லை. "தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்பிவிடு" என்கிறார் சீனியர். வேலையை விட்டுவிடலாமா அக்கா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தக் காலி இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து நிரப்பாதீர்கள்.

தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிட்டால், டாக்டர் எழுதிக் கொடுத்த உடனே வண்டி கிளம்பிவிட்டது என்று நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள். நோயாளியின் நேரம் சாலையில் மட்டுமா போகிறது? 108 வரக் காத்திருப்பது, வீட்டார் பணம் புரட்டுவது, பெரியாஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறதா என்று போனில் கேட்பது எல்லாம் புறப்படுவதற்கு முன்பே நடக்கின்றன. மூளையில் ரத்தக்கட்டு வந்தவருக்கு அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவருக்கு அந்த அரை மணி எங்கே போனது என்று கண்டுபிடிக்கத்தானே இந்த ஆய்வே? அதை நிரப்பி மறைத்துவிட்டால் எதைக் கண்டுபிடிப்பது?

நீங்கள் புள்ளியியல் படித்தவர். சீட்டில் நேரம் எழுத மறந்தது பெரும்பாலும் ராத்திரியிலோ, கூட்டம் நெரியும்போதோ, நோயாளியின் உயிர் ஊசலாடும்போதோ இருக்கும். அப்படியானால் அந்தக் காலி இடங்கள் தற்செயலானவை அல்ல. எத்தனை சீட்டில் நேரம் இல்லை என்பதே அறிக்கையில் வர வேண்டிய ஒரு செய்தி. விடுபட்ட தகவலைக் கணக்கு முறைகளால் ஈடுசெய்வது உண்டுதான். ஆனால் அதைப் பகுப்பாய்வின்போது, இப்படிச் செய்தோம் என்று எழுதிவைத்துச் செய்வார்கள். படிவத்தில் பேனாவால் செய்வதில்லை.

108-இல் வந்திருந்தால் அந்த ஊழியர்களின் பதிவில் நேரம் இருக்கும், கேளுங்கள். தனியார் வண்டி என்றால் டிரைவரின் போனில் அழைப்பு வந்த நேரத்தைப் பார்க்கலாம். எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். அப்புறம், ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் கேஷுவால்ட்டி சுவர்க் கடிகாரத்தை உங்கள் போனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அந்தக் கடிகாரம் 12 நிமிடம் பின்தங்கி ஓடியது. பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒருவர் புறப்படுவதற்கு முன்பே வந்து சேர்ந்ததாகப் பதிவானபோதுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு வாரப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தினோம்.

சீனியரிடம் சண்டை வேண்டாம். "நேரம் பதிவாகவில்லை என்றே குறிக்கட்டுமா?" என்று முதன்மை ஆய்வாளருக்கு எழுதிக் கேளுங்கள். எழுத்தில் கேட்பது முக்கியம். அவரும் நிரப்பத்தான் சொன்னால், ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் செயலரிடம் போங்கள். அங்கும் பலிக்கவில்லை என்றால் வேலையை விடுவது பற்றி யோசிக்கலாம். இப்போது வேண்டாம்.

சரி, அந்த அம்மா. உங்களுக்குக் கூசியது நியாயம். ஸ்ட்ரெச்சர் உருளும்போது போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் சொல்லமாட்டேன். போடாவிட்டால் வைத்தியம் பார்க்கமாட்டார்களோ என்ற பயத்தில்தான் போடுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளைப் படித்துப் பாருங்கள். சம்மதம் மனமறிந்து, வற்புறுத்தல் இல்லாமல் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடன் இருக்க வேண்டும். உங்களுடையது சிகிச்சையில் கை வைக்காத ஆய்வு. வார்டுக்குப் போய் மறுநாள் சம்மதம் கேட்கலாமா என்று நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்கச் சொல்லி முதன்மை ஆய்வாளரிடம் பேசுங்கள்.

பேசும்போது முதல் வாக்கியமே, "நான் டாக்டர் இல்லைம்மா, நர்ஸும் இல்லை" என்று இருக்கட்டும். இரண்டாவது, "நீங்க வேண்டாம்னு சொன்னாலும் வைத்தியத்துல ஒரு குறையும் வராது." படிவத்தை அதற்கப்புறம் எடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். யாரும் கவனிக்காமல் ஒருவர் மூச்சுத் திணறிக் கிடந்தால் நிமிடத்தை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். ஓடிப்போய் ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிடுங்கள். ஆய்வு கெட்டுவிடுமோ என்று தயங்க வேண்டாம். நீங்கள் கூப்பிட்டதையும் குறிப்பில் எழுதிவிட்டால் போதும்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் இன்னும் வார்டில் இருந்தால், நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். படிவம் இல்லாமல்.